வலது ஸ்பீக்கரில் சாவிக்கொத்து

அந்தக் கடையின் இரண்டாம் மாடியில் விற்பனைக்கு இல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒரு பழுப்பு நிறச் சோபா. ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்களை அதில் உட்கார வைத்து, "முதுகை நல்லா சாய்ச்சுக்குங்க, செருப்பைக்கூடக் கழட்டிடுங்க, உங்க வீடுன்னு நெனச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த மாடியின் விற்பனையாளர் ரிமோட்டைக் கையில் எடுப்பார். சோபா நுனியில் உட்கார்ந்தவன் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போவான், காலை நீட்டி உட்கார்ந்தவன் வாங்குவான் என்பது அவருடைய கணக்கு. பெரும்பாலும் பலித்தது.

கடையில் அவரைச் சாவி அண்ணன் என்றார்கள். அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு விளம்பரத்தில் வந்த பாட்டு.

ஒரு காலத்தில் ஊரே முணுமுணுத்த சினிமாப் பாட்டு அது. வேலைக்குக் கிளம்பும் கணவன் வீட்டுச் சாவியைத் தேடுகிறான். மனைவி அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு அலமாரியில் பார், தலையணைக்கு அடியில் பார் என்று அலையவிடுகிறாள். அவன் கெஞ்ச, அவள் மறுக்க, நடுநடுவே சாவிக்கொத்து சிணுங்கும். ஒரு ஸ்பீக்கர் கம்பெனி அந்தப் பாட்டின் உரிமையை வாங்கித் தன் விளம்பரத்தில் போட்டது. விளம்பரத்தில் சாவிக்குப் பதில் ரிமோட். புருஷன் மெத்தைகளைப் புரட்டிப் போட்டுத் தேடுவான். பெண்டாட்டி தோளை ஒரு திருப்புத் திருப்பிச் சிரித்துவிட்டுப் பொத்தானை அழுத்துவாள். வீடு முழுக்கப் பாட்டு நிறையும்.

ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கடையின் டிவி ஒவ்வொன்றிலும் இதுதான் ஓடியது. வந்து போகிறவர்களுக்குப் பொழுதுபோக்கு, வேலை பார்க்கிறவர்களுக்கு ஆயுள் தண்டனை. "என் பொண்டாட்டி போன் நம்பர் மறந்துடுது, இந்தப் பாட்டோட ரெண்டாவது வரி மறக்க மாட்டேங்குது" என்று ஃபிரிட்ஜ் பிரிவில் இருந்தவர் தலையில் அடித்துக்கொள்வார்.

சாவி அண்ணனுக்கு மட்டும் அது சலிக்கவில்லை. ஒலிப்பதிவு செய்த புண்ணியவான் அந்தப் பாட்டில் ஒரு வேலை காட்டியிருந்தான். சாவிக்கொத்தின் சத்தம் முதலில் வலது ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். பிறகு அங்கிருந்து கிளம்பி, அறையின் குறுக்கே நடந்து இடது ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். அவர் சோபாவுக்கு எதிரே நின்று வலது கையைத் தூக்கி, ஒரு விரலை நீட்டுவார்.

"கண்ணை மூடிக்குங்க. சாவி எங்க இருக்கு? இந்தப் பக்கமா? சரி. இப்ப நகருது பாருங்க. நகருது, நகருது, உங்க மூக்குக்கு முன்னாடி வந்தாச்சு. ஆங், போயிடுச்சு."

அவர் விரல் காற்றில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போகும். கண்ணை மூடியவர்களின் தலையும் கூடவே வலமிருந்து இடமாகத் திரும்பும். குழந்தைகள் எழுந்து போய் இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் சாவியைத் தேடும். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. மற்ற கிளைகளிலிருந்து ஆட்களை அனுப்பி அந்த வித்தையைப் பார்த்துவரச் சொன்னது தலைமை அலுவலகம். பார்த்துப் போனவர்கள் செய்தும் பார்த்தார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி இருந்ததே தவிர, யாருக்கும் அந்த விரல் அமையவில்லை.

அவர் காதிலிருந்து முதலில் போனது அந்தச் சாவிச் சத்தம்தான்.

ஒரு நாள் விரலைத் தூக்கினார், வலது பக்கம் ஒன்றுமே வரவில்லை. ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது என்று நினைத்தார். வயரைக் கழற்றி மாட்டினார். பெட்டியையே மாற்றினார். புதுப் பெட்டியிலும் சாவி இல்லை. கீழ் மாடியில் வாஷிங் மெஷின் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண், அவர் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், எதற்கோ மேலே வந்தாள்.

"தங்கச்சி, இந்த வலது பெட்டி கொஞ்சம் அடைச்ச மாதிரி இல்ல?"

"நல்லாத்தானே இருக்கு அண்ணே. சாவி கணீர்னு கேக்குதே."

"அதான் நானும் நெனச்சேன்" என்றார்.

அன்று முழுக்க அவர் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் வேறு வழி கண்டுபிடித்தார். விளம்பரத்தில் அந்தப் பெண் தோளைத் திருப்பும் நொடியில்தான் சாவி வலப்பக்கம் தொடங்கும். அவள் சிரித்து முடிக்கும்போது இடப்பக்கம் போய்ச் சேரும். கண் இருக்கிறதே, காது எதற்கு? வாடிக்கையாளர்களுக்குப் பின்னால் இருந்த டிவியில் அவள் தோளைப் பார்த்துக்கொண்டே விரலை இழுத்தார். ஒரு நூல் பிசகவில்லை.

சாவியின் பின்னால் மற்றவையும் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. புல்லாங்குழல் போயிற்று. பெண் குரல் போயிற்று. ஆண் குரல் பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுகிற மாதிரி ஆயிற்று. கடைசியில் மிஞ்சியது கனத்த ஸ்பீக்கர் பெட்டியின் அதிர்வு மட்டும். அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பாட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துகொள்வார். "கை வச்சுப் பாருங்க சார், பாட்டை நீங்க தொடலாம்" என்று அதையும் விற்பனைப் பேச்சாக்கிவிட்டார்.

விடுப்பு எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் வராத தூரத்தில் ஒரு காது டாக்டரைப் போய்ப் பார்த்தார். அந்த அம்மாள் அவர் முகத்துக்கு நேரே நிதானமாகப் பேசினாள்.

"நரம்பு தேஞ்சு போயிருக்கு. திரும்ப வராது. மெஷின் வச்சுக்கிட்டா எதிர்ல இருக்கிறவங்க பேச்சு ஓரளவு புரியும். பாட்டு பழைய மாதிரி இருக்காது."

"மெஷின் வெளிய தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

"அப்ப வேணாம் டாக்டர்."

"தெரிஞ்சா என்ன?"

அவர் எழுந்துகொண்டார். வழுக்கைத் தலையன் விற்கிற கூந்தல் தைலத்தை யார் வாங்குவார்கள்? காதில் மெஷினோடு நிற்கிறவனிடம் ஸ்பீக்கர் வாங்க எவன் காலை நீட்டி உட்காருவான்? அந்தச் சோபாவை விட்டால் அவருக்கு வேறு பெயர்கூடக் கிடையாது. வெளியே தெரியாமல் இருக்கும்வரைதான் சாவி அண்ணன். தெரிந்த அன்றைக்கு, மாடியில் நிற்கிற ஒரு செவிடன்.

மறைப்பதற்கென்று சில வார்த்தைகளை வைத்துக்கொண்டார். மற்றவர் புருவம் உயர்ந்தால் "அப்படியா". தலையாட்டினால் "சரிதான்". கேள்வி மாதிரி தெரிந்தால் "அதெல்லாம் பார்த்துக்கலாம்". இந்த மூன்றை வைத்துக்கொண்டு உலகத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது அவருக்கே ஆச்சரியம். எல்லோரும் சிரித்தால் அரை நொடி பிந்திச் சிரித்தார். பொறுமைசாலி, அதிகம் பேசாதவர் என்று பெயர் வந்தது. வாடிக்கையாளர்கள் எப்போதும் கேட்கிற கேள்விகளையே கேட்டார்கள். விலை குறையுமா, வீட்டுக்கு வந்து மாட்டித் தருவீர்களா. உதடு பிரிவதற்கு முன்பே அவருக்குப் பதில் தெரியும்.

வீட்டில்தான் அது எடுபடவில்லை.

மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுகிறவள். முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, தோளைக் குலுக்கி, சோப்புக் கையை ஆட்டி, கதை கதையாகச் சொல்லுவாள். முதலில் "என்ன?" என்று கேட்டார். திருப்பிச் சொன்னாள். மறுபடி "என்ன?" என்றார். நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல விடுங்க" என்றாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

டிவியும் வேண்டாம் என்றார். "நாள் முழுக்கக் கடையில சத்தம். வீட்லயாவது நிம்மதியா இருக்க விடு." உண்மையில், டிவி ஓடினால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரியாது. அவள் சீரியல் பார்க்க எதிர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தால், "அம்மாகிட்ட பேசும்மா" என்று உடனே கொடுத்துவிடுவார். ஒரு முறை போனில் பேசியபடி மனைவி அவர் பக்கம் திரும்பியிருந்தாள். உதடுகள் தெளிவாகத் தெரிந்தன.

"உங்கப்பாவுக்கு இப்பல்லாம் நான் செவுரு மாதிரி. செவுத்துக்காவது ஆணி அடிக்க ரெண்டு தட்டு தட்டுவாங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் சொன்னால் மகளுக்குப் போகும், மகளிடமிருந்து மருமகனுக்கு, அங்கிருந்து எப்படியாவது கடைக்கு. செவிடன் என்று தெரிவதைவிடக் கல்நெஞ்சன் என்று பெயர் எடுப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியது. கல்நெஞ்சனுக்கு வேலை போகாது.

இப்படியிருக்கையில் ஒரு காலை, கடை திறக்குமுன் வழக்கமாக நடக்கும் கூட்டத்தில், மேனேஜர் வெகுநேரம் பேசினார். சாவி அண்ணன் கடைசி வரிசையில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நடுவில் மேனேஜர் அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். எல்லோரும் திரும்பினார்கள். சிலர் முகத்தில் சிரிப்பு, சிலர் முகத்தில் பரிதாபம். கேள்வி மாதிரிதான் இருந்தது.

"அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றார்.

கை தட்டினார்கள். தங்கச்சி அவர் தோளில் தட்டிக் கொடுத்தாள். ஏதோ பாராட்டு போலிருக்கிறது என்று அவரும் சிரித்துக்கொண்டே மாடி ஏறினார்.

மேனேஜர் சொன்னது இதுதான். சாவிப் பாட்டின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. புது ஒப்பந்தம் படியவில்லை. கம்பெனி விளம்பரப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு பாட்டை மட்டும் மாற்றிவிட்டது. இப்போது எல்லா இளசுகளும் கேட்கிற ஒரு பாட்டு, ஒரு பெண் கிதாரோடு மெல்ல முனகுவது. "சாவி அண்ணன் இனிமே சாவி இல்லாம என்ன பண்ணப் போறாரோ?"

மாடியில் டிவியில் அதே புருஷன் மெத்தைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். அதே பெண்டாட்டி தோளைத் திருப்பினாள்.

முதலில் வந்தது ஒரு தம்பதி. புது வீட்டுக்குக் குடி போகிறவர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. சோபாவில் உட்கார வைத்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். ரிமோட்டை அழுத்திவிட்டுப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். அதிர்வே இல்லை. சத்தம் குறைவாக இருக்கிறது என்று கூட்டினார். அப்போதும் இல்லை. இன்னும் கூட்டினார். அந்தப் பெண் கையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா, இந்த மாதிரி ஒரு தடவையாவது கேக்கணும். கண்ணை மூடிக்குங்க. சாவி எங்க இருக்கு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தப் பக்கமா? சரி. இப்ப நகருது பாருங்க."

அவர் விரல் கிளம்பியது. டிவியில் இருந்தவள் தோளைத் திருப்பும் நொடியில், ஒரு நூல் பிசகாமல்.

"என்னங்க, எந்தச் சாவியைச் சொல்றாரு?" என்று சோபாவில் இருந்தவள் கணவனின் காதில் கத்தினாள்.

"காமெடி பண்றாரு. சும்மா இரு, நல்லாத்தான் இருக்கு."

கணவன் சிரித்தான். சத்தத்தைக் கேட்டுக் கீழே இருந்து சிலர் மேலே ஏறி வந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். சிரிப்பைக் கண்டதும் அவருக்கு உற்சாகம் பிறந்தது. வெகுநாளாயிற்று இப்படி ஒரு கூட்டம் சேர்ந்து. விரலை இன்னும் மெதுவாக, இன்னும் அழகாக இழுத்தார். "நகருது, நகருது, உங்க மூக்குக்கு முன்னாடி" என்று குனிந்து, பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு, சாவியை இடது பக்கம் கொண்டுபோய் விட்டார். அவர் தாளம் ஒரு பக்கம், கிதார் ஒரு பக்கம்.

சோபாவில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

"இல்லைங்க. அவரு நெஜமாத்தான் சொல்றாரு."

கணவன் அவர் முகத்தைப் பார்த்தான். செருப்பைத் தேடிக் காலில் மாட்டினான். யாரோ பின்னாலிருந்து அவர் முழங்கையைப் பிடித்தார்கள். தங்கச்சி. ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டு, அவர் முன்னால் வந்து நின்று பேசினாள்.

"அண்ணே, பாட்டு மாறிடுச்சு. காலையிலதான சொன்னாங்க."

அவள் உதடுகளைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட இப்போது சிரிக்கவில்லை.

"தெரியும் தங்கச்சி" என்றார். "சும்மா ஒரு விளையாட்டுக்கு."

மாடிப்படியில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். தன் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். அவர் மகள் வயதுதான் இருக்கும் மேனேஜருக்கு, நல்ல சுபாவம். கதவைச் சாத்திவிட்டு, எப்படி முகம் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரு கை மட்டும் இடையிடையே ஜன்னல் கம்பியைத் தட்டியது. அவர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் நெடுநேரம் ஏதோ சொன்னார், நிறுத்தினார், மறுபடி சொன்னார். பிறகு திரும்பி அவரைப் பார்த்தார். கண்ணில் கேள்வி இருந்தது.

"அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்."

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு உதட்டை நன்றாக விரித்து, சின்னக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் கேட்டார்.

"உங்களுக்குக் காது கேக்குதான்னுதான் அண்ணே இவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டிருந்தேன்."

வேலையை விட்டு அனுப்பவில்லை. கோடவுனுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத நீண்ட கொட்டகை. அட்டைப்பெட்டிகளில் டிவி, அட்டைப்பெட்டிகளில் ஸ்பீக்கர், ஒன்றும் வாயைத் திறக்காது. வண்டியில் ஏறுகிற பெட்டிகளை அவர் சரிபார்க்க வேண்டும். லாரிக்காரர்கள் பேச வேண்டியதைக் கையால் பேசினார்கள். அவரை அங்கே சாவி அண்ணன் என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவருக்குத் தெரிய வழியில்லை.

இனி மறைக்க என்ன இருக்கிறது? முதல் நாள் கோடவுனிலிருந்து வந்ததும் சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் சொன்னார். அவள் சோப்புக் கையோடு திரும்பினாள். நம்பவில்லை. பிறகு நம்பினாள். ஈரக் கையால் அவர் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளாச்சு. பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே."

"முன்னாடியேவா?"

"ஆமா."

அவள் கை கன்னத்திலிருந்து இறங்கியது. கண் எங்கேயோ போயிற்று. எதையோ தேடி ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் நடந்து போகிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"அப்ப நான் அன்னிக்குச் சொன்னது?"

"என்னிக்கு?"

"பொண்ணை அனுப்பி வச்ச மறுநாள். இதே இடத்துல நின்னுதான சொன்னேன். நீங்க அங்க உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சுக் கடைக்குப் போனீங்க."

"என்ன சொன்ன?"

அவள் உதடு பிரிந்தது. அவர் கண் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. உதடு மூடிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல."

"சொல்லு. இப்ப சொல்லு. எதிர்லதான நிக்கிறேன், புரியும்."

"அதை எதிர்ல நின்னு சொல்ல முடியாதுங்க" என்றாள். "முதுகைக் காட்டிக்கிட்டுச் சொல்றதுக்கே எனக்கு எத்தனையோ வருஷம் ஆச்சு. நீங்க பேசாமப் போனதைத்தான் நான் பதில்னு வச்சுக்கிட்டேன். அதை வச்சுத்தான் இத்தனை நாளும் இருந்தேன்."

எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தார். கோபப்பட்டுக் கேட்டார், கெஞ்சிக் கேட்டார். நல்லதா கெட்டதா என்றாவது சொல் என்றார். அவள் தலையை அசைத்துவிட்டாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்பதுகூடத் தெரியாத ஓர் அசைப்பு.

மகள் வந்து கட்டாயப்படுத்தியதால் மெஷின் மாட்டிக்கொண்டார். டாக்டர் சொன்னது சரிதான். தட்டு விழுந்தால் மண்டைக்குள் விழுந்தது. மகள் ஆசையாகத் தன் போனில் அந்தப் பழைய பாட்டைப் போட்டுக் காட்டினாள். தகரத்தை யாரோ தரதரவென்று இழுத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது. "நல்லாருக்கும்மா" என்றார்.

மனைவி இப்போது மிகவும் கவனமாக இருக்கிறாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவர் எதிரே வந்து நின்று, உதட்டை விரித்துச் சொல்கிறாள். சாப்பாடு. கதவு. கரண்ட் பில். மருந்து. எல்லாம் ஒரே தடவையில் புரிகிறது. சொல்லி முடித்ததும் அவருக்குப் புரிந்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறாள். வீண் பேச்சு ஒன்றும் கிடையாது. கேட்காத காதுக்கு எதற்கு என்று நினைக்கிறாளோ, கேட்டுவிடுமோ என்று நினைக்கிறாளோ, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் பாத்திரம் கழுவும்போது மெஷினை நன்றாக அழுத்தி மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். குழாய்த் தண்ணீர் இரைகிறது. கரண்டி உரசுகிறது. அவள் தோள் இப்போது குலுங்குவதில்லை, கை ஆடுவதில்லை. பக்கவாட்டில் தெரியும் தாடை அசையாமல் இருக்கிறது. கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழாயை மூடுகிறாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறார்.